எக்ஸ்பிரஸ் அக்காவின் ஆறு சுற்று

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேரை அவரவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒருத்தியை மட்டும், பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை, ‘எக்ஸ்பிரஸ்’ என்றார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் ‘அக்கா’வைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பெயர் வந்த கதை சின்னதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை லிஃப்ட் நின்றுவிட்டது. ஆறாவது மாடி ஆபரேஷன் அறைக்கு ரத்தம் வேண்டும். ரத்த வங்கி இருப்பதோ தரைத்தளத்தில். அவள் ரத்தப் பை இருந்த பெட்டியைக் குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு படியேறிவிட்டாள். ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஒயர்மேன், அவளைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

“கீழேயிருந்து போன்ல சொன்னதுக்கும் நீங்க மேல வந்து நின்னதுக்கும் நடுவுல நான் ஒரே ஒரு ஸ்க்ரூதான்கா கழட்டினேன். நீங்க என்ன எக்ஸ்பிரஸ்ஸா?”

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கும் ஒன்று தெரியவந்தது. மேலே போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றபோது, நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு சந்தோஷம் உடம்புக்குள் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒயர்மேன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறவன். பத்துப் பதினைந்து பேர் கூடி, பூங்காவைச் சுற்றி ஓடுவார்கள். அவளையும் இழுத்துக்கொண்டு போனான். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர். அப்புறம் மூன்று, ஐந்து, பத்து. மூன்றாம் வருஷம் இருபத்தொன்று ஓடி முடித்துக் கழுத்தில் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன், சந்தை முனையில் பூட்டு ரிப்பேர் செய்து சாவி போட்டுக் கொடுக்கிறவர், பதக்கத்தை விரலால் சுண்டிப் பார்த்து, “பித்தளை இல்ல. ஆனா கனமா இருக்கு” என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அடுத்தது நாற்பத்திரண்டு. முழு மாரத்தான். ஊரின் பெரிய ஓட்டத்துக்குப் பெயரைக் கொடுத்தாயிற்று. அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த முழுத் தூரத்தையும் தன் காலால் ஓடிக் கடந்துவிட வேண்டும். கடவுளிடம் அவள் தனக்கென்று எதையும் அதிகம் கேட்டதில்லை. தினம் வேலைக்கு வந்ததும் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து, “சாமி, இதுல படுக்க வர்றவங்களைக் குலுக்காம கொண்டுபோய்ச் சேர்க்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் முதல் ட்ரிப்பைத் தொடங்குவாள். பத்தொன்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். இப்போதுதான் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துக் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

ஓட்டத்துக்கு ஏழு வாரம் இருக்கையில் கால் வலித்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம், ஒரு விரல் வைத்தால் மறைந்துவிடும் இடம். முதலில் தைலம் தேய்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருநாள் பிரசவ வார்டு வாசலில் கால் ஊன்ற முடியாமல் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கூட வேலை பார்க்கிறவன் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தான்.

“உக்காருங்க எக்ஸ்பிரஸ்.”

“எனக்கா? சும்மா இரு. நடந்து வர்றேன்.”

“நீங்க எத்தனை பேரை மிரட்டி உக்கார வச்சிருக்கீங்க? இன்னிக்கு நான் மிரட்டுறேன். உக்காருங்க.”

உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அந்த நடைபாதையை அவள் உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை. எல்லோருடைய இடுப்பும் பையும்தான் தெரிந்தன. மானம் போகிறாற்போல இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், “இந்த முன்சக்கரம் கிறீச்சுங்குதே, எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டாள்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயிரிழை போல ஒரு விரிசல். “எட்டு வாரத்துக்கு ஓடக் கூடாது” என்றார்.

அவள் ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. ஓடுகிற காலணியைத் துடைத்து, பழைய துணியில் சுற்றி, பரண்மேல் ஏற்றிவிட்டாள். பேர் கொடுத்த ஓட்டம் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அன்றைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த நாத்தனார் சாவகாசமாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

“என்ன, எக்ஸ்பிரஸ் ஷெட்டுக்குப் போயிடுச்சாமே?”

“ஆமா அண்ணி. சர்வீஸ் முடிஞ்சதும் வரும்.”

“பேரன் பேத்தி எடுக்கிற வயசுல உனக்கு எதுக்கு இந்த ஓட்டம்? யார் துரத்துறாங்க உன்னை?”

“நீங்கதான் அண்ணி, வாரா வாரம் வந்து துரத்துறீங்க” என்று சொல்லிக்கொண்டே காப்பித் தம்ளரை நீட்டினாள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

எட்டு வாரம் முடிந்தும் வலி அப்படியே இருந்தது. மறுபடி படம் எடுத்தார்கள். விரிசல் ஆறவே இல்லை. எலும்பு டாக்டருக்கே புரியவில்லை. “ஓடினீங்களா?” என்று மூன்று தடவை கேட்டார். அவள் மூன்று தடவையும் இல்லை என்றாள். நம்பாத முகத்தோடு, பிசியோ அறைக்கு எழுதிக் கொடுத்தார்.

பிசியோ மேடம் கெட்டிக்காரப் பெண். முப்பது வயதிருக்கும். பேனாவும் கையுமாக உட்கார்ந்து கேட்டாள்.

“ஒரு நாள்கூட ஓடலையா?”

“ஓடல மேடம். வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க.”

“நடக்கிறீங்களா?”

“அதுவும் இல்ல. பஸ்லதான் வர்றேன். வீட்டு வாசல்லயே ஸ்டாப்.”

“வேலையில?”

“வேலையில எங்க மேடம் நடக்கிறது? வேலைதான் பார்க்கிறேன்.”

மேடம் பேனாவை மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் விசேஷம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் பேச்சில் ‘நடந்தேன்’ என்ற வார்த்தையே வராது. “இன்னிக்கு எத்தனை ட்ரிப்?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். பதிவேட்டில் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எந்த நோயாளி என்று எழுத இடம் உண்டு. எவ்வளவு தூரம் என்று எழுத இடம் கிடையாது. தூரம் என்பது ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மட்டும் இருக்கிற ஒன்று. அந்தப் பதினோரு பேரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

மேடம் இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒன்றை எடுத்தாள். காலடியை எண்ணுகிற கருவி. “நாளைக்கு இதை இடுப்புல மாட்டிக்கிட்டு வேலை பாருங்க. சாயங்காலம் கொண்டு வாங்க.”

மறுநாள் சாயங்காலம் கொண்டுபோனாள். இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் காட்டியது. மேடம் காகிதத்தில் ஏதோ பெருக்கினாள்.

“பதினாறு கிலோமீட்டர். இதுல ஆளோட சேர்த்து இரும்புக் கட்டிலையும் தள்ளியிருக்கீங்க. சரிவுப்பாதை வேற ஏறியிருக்கீங்க. மூணு நாள் வேலையைச் சேர்த்தா ஒரு மாரத்தானுக்கு மேலயே வருது. நீங்க என்னடான்னா ரெஸ்ட்ல இருக்கேங்கிறீங்க!”

அவள் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கி, எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் மனசுக்குள் ஓடியது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“அப்ப நான் இதுவரைக்கும் எத்தனை ஓடியிருப்பேன் மேடம்!”

“பெட்டியை நீங்களே வச்சுக்குங்க, அதை அப்புறம் சந்தோஷமா எண்ணலாம். இப்ப உக்காருங்க.”

எலும்பு டாக்டர் இந்தத் தடவை கோபப்படவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னார். அதனால்தான் அது உள்ளே இறங்கியது. “இன்னொரு தடவை அதே இடத்துல விரிஞ்சா, ஓட்டம் மட்டும் இல்லம்மா, ஸ்ட்ரெச்சர் வேலையும் முடியாது. காலத்துக்கும் டோக்கன் ஜன்னல்தான்.”

டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அந்த டோக்கன் ஜன்னலில் ஆறு வாரம் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால், “அடுத்தது நாப்பத்தேழு” என்று கூவுகிற வேலை. முதல் வாரம் கால் தரையில் பாவவில்லை. யாராவது கட்டிலைக் கோணலாகத் தள்ளிக்கொண்டு போனால் கை பரபரக்கும். “வலது பக்கம் இழு, வலது பக்கம்!” என்று ஜன்னலுக்குள்ளிருந்தே கத்துவாள். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். ஓடுவதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டுமோ, அவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்கக்கூடத் தேவைக்கு மேல் எழுந்திருக்கவில்லை. வேலை கேட்டுக் கேட்டுப் பழகிய காலை மடியில் போட்ட பிள்ளைபோலத் தட்டித் தட்டி அடக்கினாள்.

எலும்பு ஆறியது. படத்தில் விரிசல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. “ஸ்ட்ரெச்சர் வேலைக்குப் போகலாம். ஓட்டத்தை மட்டும் மெதுவா ஆரம்பிங்க” என்றார் டாக்டர். ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை. அவள் பரண்மேல் ஏறி, துணிச்சுருளைப் பிரித்தாள்.

இனி எந்த ஓட்டம் என்பதுதான் கேள்வி.

ஒயர்மேன் பதிலோடு வந்து நின்றான். பதினாறு வாரத்தில் துறைமுக நகரத்தில் ஒரு மாரத்தான். சமதரை, கடல் காற்று, வழியெல்லாம் ஜனம். குழுவில் பதினாலு பேர் போகிறார்கள். சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

“வேன் பேசியாச்சுக்கா. ஜன்னல் சீட் உங்களுக்குத்தான். நான் உங்க பக்கத்துலயே ஓடுறேன். ஒரு தடவை ஓடிட்டா பயம் போயிடும்.”

“பயம் இல்ல தம்பி.”

“அப்ப என்ன?”

என்ன என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயது. இன்னும் தள்ளிப் போட்டால் அப்புறம் காலமெல்லாம் தள்ளிப்போடவே நேர்ந்துவிடுமோ என்று தோன்றியது. “ஒரு நாள் டைம் குடு” என்று மட்டும் சொன்னாள்.

வேலை முடிந்து புருஷனின் கடைக்குப் போனாள். அவர் ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, துறைமுகத்து ஓட்டத்துக்குப் பேர் குடுக்கவா?”

அவர் சாவியைப் பூட்டில் விட்டுப் பார்த்தார். திரும்பவில்லை. வெளியே எடுத்து மறுபடி தேய்த்தார். “சாவி திரும்பலன்னா பலத்தைக் காட்டக் கூடாது. உள்ள முறிஞ்சா பூட்டையே பேத்தெடுக்கணும்.”

“நான் ஓட்டத்தைக் கேட்டா நீங்க பூட்டைச் சொல்றீங்க.”

“எனக்குத் தெரிஞ்சது அதுதானேம்மா. ஓட்டம் உனக்குத் தெரிஞ்சது. நீ எதைச் சொன்னாலும் நான் பை தூக்கிக்கிட்டு வர்றேன்.”

மறுநாள் காலை, வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் டூட்டி சார்ட் தொங்கியது. தினமும் பார்க்கிற காகிதம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிப் போடுவார்கள். அன்றைக்கு அதை வேறு கண்ணோடு பார்த்தாள். இடுப்பிலிருந்து கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சார்ட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

இந்த மூன்று மாதம் அவளுக்கு ஆபரேஷன் கட்டடம். அங்கே சரிவுப்பாதை உண்டு, ஏறியும் இறங்கியும் கால் ஓயும். அடுத்த மூன்று மாதம் அவசரப் பிரிவு. அதைப்போலக் கொடுமையான இடம் வேறில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் நின்று மூச்சு விட முடியாது. துறைமுக ஓட்டம் சரியாக அவசரப் பிரிவுக்குப் போன நாலாவது வாரத்தில் வந்து விழுந்தது. அதற்கு அடுத்த மூன்று மாதம் பிரசவ வார்டு. சமதரை, நல்ல லிஃப்ட், கிட்டக்கிட்ட அறைகள். அங்கே பாதிக் காலடிதான் ஆகும் என்று அவளுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

பிரசவ வார்டின் கடைசி வாரத்தில் எங்கேயாவது, யாராவது, ஒரு மாரத்தான் நடத்துகிறார்களா?

பிசியோ அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒரு மெல்லிய காகிதம் பல நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஏரி. ஏரியைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் சாலை. ஆறு சுற்று சுற்ற வேண்டும். ஏழரை மணி நேரம் அவகாசம். தேதியைப் பார்த்தாள். விரலால் ஒருமுறை எண்ணினாள், நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். பிரசவ வார்டின் கடைசி ஞாயிறு.

ஒயர்மேன் ஏணியில் நின்று குழல்விளக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கீழே நின்று சொன்னாள். அவன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“ஏரியா? அது ஓட்டமாக்கா? கை தட்ட ஒரு ஆள் இருக்காது. வாத்துதான் பார்த்துட்டிருக்கும். ஒரே இடத்தை ஆறு தடவை சுத்தினா தலை சுத்திடும்.”

“நான் பத்தொன்பது வருஷமா எதைச் சுத்திட்டிருக்கேன் தம்பி? அதே நாலு நடைபாதை. அதே மூணு லிஃப்ட். எனக்கு என்னிக்காவது தலை சுத்திச்சா?”

அவன் குழல்விளக்கை மடியில் வைத்துக்கொண்டான். “எப்பக்கா அது?”

“ஒன்பது மாசம்.”

“ஒன்பது மாசமா! பிரசவ வார்டு, ஒன்பது மாசம்… நல்ல பொருத்தம்தான்.” சிரித்தான். ஆனால் முகம் வாடியிருந்தது. “டூட்டியை யார்கிட்டயாவது மாத்திக்கலாமே?”

“மாத்திக்கலாம். என் அவசரப் பிரிவை இன்னொருத்தி காலுல தூக்கி வைக்கணும். அவ காலும் கால்தானே?”

சனிக்கிழமை துறைமுகப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஏரிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நாள்காட்டியில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். இனி ஒன்றையும் எண்ணாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

கருவியை அடையாள அட்டைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். வேலையில் இருபதாயிரம் தாண்டினால் மறுநாள் காலை ஓட்டம் கிடையாது. இதுதான் சட்டம். ஒரு சனிக்கிழமை பஸ் விபத்து. சாயங்காலம் பார்த்தால் முப்பத்தோராயிரம். மறுநாள் குழுவோடு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுவதாகப் பேச்சு. காலையில் எழுந்து, காலணியின் ஒரு கயிற்றைக் கட்டியும் விட்டாள். பிறகு கருவியை எடுத்துப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்தாள். போய்ப் பாத்திரம் கழுவினாள். தேய்த்த தேய்ப்பில் அடிப்பிடித்த சட்டி புதுசாகிவிட்டது.

துறைமுகத்துக்குப் போனவர்கள் பதக்கத்தோடு திரும்பினார்கள். ஒயர்மேன் கொண்டுவந்து காட்டினான். நங்கூரம் பொறித்த அழகான பதக்கம். அவள் அதைக் கையில் வாங்கி, “பித்தளை இல்ல. ஆனா கனமா இருக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அவளுடைய காலடி இருபத்தெட்டாயிரம்.

அவசரப் பிரிவு ஒருவழியாக முடிந்தது. கால் தாங்கியது. பிரசவ வார்டில் காலடி பதினோராயிரத்துக்கு இறங்க, மிச்சத்தை எல்லாம் சாலைக்குக் கொடுத்தாள். இருபது, இருபத்து நாலு, முப்பது. தழும்பின்மேல் தினமும் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பாள். எலும்பு பேசாமல் இருந்தது.

கடைசி வாரம் பிசியோ மேடம் சொல்லி அனுப்பினாள். “கால் முழுக்க மந்தமா வலிச்சா போகலாம். ஊசி குத்துற மாதிரி ஒரே இடத்துல வலிச்சா நின்னுடணும். சந்தேகமா இருந்தா அந்த ஒத்தைக் கால்ல அஞ்சு தடவை குதிச்சுப் பாருங்க. வலிச்சா, அங்கேயே வண்டி ஏறிடணும். எனக்கு வாக்குக் குடுங்க.” கொடுத்தாள்.

ஏரிக்கரையில் விடியும்போது நூற்றெண்பது பேர்கூட இல்லை. மேளமும் இல்லை, விளக்கும் இல்லை. ஒயர்மேன் சொன்னபடி வாத்துகள் இருந்தன. புருஷன் மடக்கு நாற்காலியும் பையுமாக வந்து, சுற்று முடிகிற இடத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு வளையங்களை எடுத்தார். ஒன்றில் ஆறு பழைய சாவிகள்.

“நீ ஒவ்வொரு தடவை போறப்பவும் ஒரு சாவியை இதுலேர்ந்து அதுக்கு மாத்துவேன். சாவி பொய் சொல்லாது.”

தொடக்கக் கோட்டில் நின்றபோது பிடிக்கக் கம்பி இல்லை. தன் முழங்காலையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். “சாமி, இன்னிக்கு இந்தக் காலைக் குலுக்காம கொண்டுபோய்ச் சேர்க்கணும்.”

முதல் சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது. மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். “மறுபடி இந்த மரமா!” என்றார் ஒருவர். அவளுக்கோ வீடு மாதிரி இருந்தது. உடைந்த மதகு தாண்டினால் எக்ஸ்ரே அறை, மூங்கில் புதர் வந்தால் ரத்த வங்கி, வளைவில் திரும்பினால் லிஃப்ட். இரண்டாவது சுற்றிலேயே ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் வைத்துவிட்டாள்.

நாலாவது சுற்றில், மூங்கில் புதர் அருகே, கால் வலித்தது. அதே கால். அதே உள்பக்கம்.

இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்கவில்லை. நின்றாள். ஒன்பது மாதம் காத்திருந்த ஓட்டம். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியப் போவதும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு போய்த்தான் சக்கர நாற்காலியில் உட்கார நேர்ந்தது. வாக்குக் கொடுத்திருக்கிறாள். வலிக்கிற காலில் நின்று, மற்றதை மடக்கி, நடுச்சாலையில் குதித்தாள். ஒன்று. இரண்டு.

பின்னால் வந்த ஒரு பெரியவர், “என்னம்மா, டான்ஸா?” என்றார்.

“பரீட்சைங்க.” மூன்று. நாலு. ஐந்து.

ஊசி இல்லை. கால் முழுக்கக் கடுத்தது. ஆடுசதை இறுகிக் கல்லாக இருந்தது. ஆனால் எலும்பு பேசவில்லை. குனிந்து தழும்பின்மேல் விரலை அழுத்தினாள். இல்லை. “பாஸ்!” என்று அந்தப் பெரியவரின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள்.

ஐந்தாவது சுற்று முடிகிற இடத்துக்கு வந்தபோது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. புருஷன் எழுந்து நின்று உற்சாகமாகக் கத்தினார். “இன்னும் ரெண்டுதான்!”

அவள் ஒரு விரலைக் காட்டினாள். “ஒண்ணுதாங்க!”

“ரெண்டு! இதோ பாரு, சாவி ரெண்டு இருக்கு!”

தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ? குதித்ததில் கணக்கு விட்டுப்போயிற்றோ? ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ரெண்டுன்னா ரெண்டு, என்று முடிவு செய்தாள். இத்தனை மாசம் பொறுத்தவளுக்கு இன்னொரு ஏழு கிலோமீட்டர் என்ன பெரிசு? அப்போது சுற்றுகளை எண்ணும் மேஜையருகே நின்ற பெண் பலகையைப் பார்த்துச் சொன்னாள். “அஞ்சு முடிஞ்சுதும்மா. இது கடைசி.”

புருஷன் வளையத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு கார் கதவு திறந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் போன சுற்றிலிருந்து இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

“போன சுத்துல இவரு கார் சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டாரும்மா… ரெண்டு நிமிஷ வேலைதான்னு போனேன்…”

“அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நான் போனேன். கூப்பிட்டேன், திரும்பவே இல்ல!” அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு என்று ஒப்புக்கொண்ட காலுக்கு ஒன்று இலவசமாகக் கிடைத்தாற்போல இருந்தது. சிரித்துக்கொண்டே கடைசிச் சுற்றுக்குள் போனாள்.

ஏரியின் மறுகரையில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், ஒரு பைக் நின்றது. பக்கத்தில் ஒயர்மேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தனி ஆளாகக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

“வாத்துக்குக் கை தட்டத் தெரியாதுல்லக்கா. அதான் வந்தேன்.”

“தள்ளி நில்லு தம்பி, எக்ஸ்பிரஸ் வருது” என்றாள். அப்போது அவள் போன வேகத்துக்கு ஒரு சரக்கு வண்டி முந்தியிருக்கும்.

ஆறு மணி நேரம் முப்பத்தெட்டு நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினாள். கழுத்தில் எதையோ மாட்டினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தொண்டர்கள் இரண்டு பேர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். “உக்காருங்கம்மா, உக்காருங்க.”

அவள் நாற்காலியைப் பார்த்தாள். வரும்போதே அதன் சத்தம் காதில் விழுந்திருந்தது.

“முன்சக்கரத்துக்கு எண்ணெய் விடணும் தம்பி” என்றாள்.

பிறகு புருஷன் கையிலிருந்த பையை வாங்கி அந்தச் சக்கர நாற்காலியில் வைத்தாள். மடக்கு நாற்காலியை மடக்கி அதன்மேல் சாய்த்தாள். கைப்பிடியைப் பிடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. பள்ளம் பார்த்து, குலுக்காமல், பஸ் நிறுத்தம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். தொண்டர்கள் இரண்டு பேரும் தங்கள் நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பின்னாலேயே நடந்தார்கள். புருஷன் இரண்டு வளையங்களையும் கையில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன சாவியை அப்போதுதான் மாற்றிக்கொண்டு வந்தார்.